கைப்பையில் ஒரு கனெக்டர்

அக்காவைப் பற்றி நான் நிறையக் கதை சொல்லியிருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு தொய்ந்தால் அக்கா கைகொடுப்பார். டிவியில் சேனல் மாற்றும் திருகைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போனதைச் சொன்னால் போதும், எல்லோரும் சிரிப்பார்கள், யாராவது தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். பீர் டேங்க் கதையும் அந்த வரிசையில் உண்டு. அதை மட்டும் பாதிவரை சொல்லிவிட்டு, காபி எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். மீதியையும் ஒரு தரம் எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம். அறுபதுகளின் கடைசியில் மாண்ட்ரியலில் இருந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர்கள், பேராசிரியர்கள், என்னைப் போலச் சில எஞ்சினியர்கள். அத்தனை பேருக்கும் அவர் அக்கா. அவரைவிட ஐந்தாறு வயது மூத்த இதய டாக்டர் ஒருவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்கா நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். ரொட்டிக்கான ஈஸ்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சோதனைக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆள் குள்ளம், நடை வேகம். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற கனத்த கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு கறுப்புக் கைப்பை. அந்தப் பையில் என்னென்ன இருந்தது என்பதைச் சொன்னாலே அக்காவைச் சொன்ன மாதிரிதான்.

நான் டோர்வல் விமான நிலையத்தில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தின் பேரில் என்னை அழைத்துப் போக அக்கா வந்திருந்தார். முன்பின் பார்த்ததில்லை. கையில் எனக்கென்று ஒரு பழைய கோட்டு. அதைப் போட்டுக்கொண்டபோது இரண்டு கை ஓரங்களிலும் கையுறைகள் தொங்கின. என்ன என்று பார்த்தால், ஒரு நீளக் கயிற்றின் இரு முனைகளிலும் கையுறைகளைத் தைத்து, கயிற்றைக் கோட்டின் ஒரு கை வழியாக விட்டு மறு கை வழியாக எடுத்திருந்தார். சின்னக் குழந்தைகளுக்கு இந்த ஊரில் அப்படிச் செய்வார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது வயது இருபத்தாறு, எஞ்சினியரிங் பட்டம் வேறு.

"என்னங்க இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி?" என்றேன்.

"தொலைக்காதேன்னு சொன்னா தொலைப்பீங்க தம்பி. எல்லாரும் தொலைப்பாங்க. தொலைக்க முடியாதபடி பண்ணிட்டா பேச்சே இல்லை பாருங்க" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னுடன் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை தொலைத்தார்கள். நான் தொலைக்கவில்லை. அக்காவின் மேல் எனக்கு வந்த மரியாதை அந்தக் கயிற்றில் ஆரம்பித்தது. "நீங்க" போய் "நீ" வந்ததும் அந்த வருஷமேதான்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. அறிவுரை சொல்ல மாட்டார். தவறு செய்ய வழியில்லாமல் செய்துவிடுவார். மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது அவள் பள்ளி விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தாள். பார்க்காதே என்று சொல்லிப் பாருங்களேன் என்றேன். "சொன்னா தினம் சண்டை. நான் கெட்டவ ஆவேன், அவ பொய் சொல்லப் பழகுவா. திருகு என்கிட்ட இருந்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார். மகள் ஒரே வாரத்தில் குறடு வைத்துத் திருப்பக் கற்றுக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து குறடும் கைப்பையில் போனது.

இதையெல்லாம் சிரிக்காமல் சொல்ல முடியாது. அக்காவும் சிரிப்பார். சிரிக்காதவர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தார்.

அக்காவின் கணவரை நான் சார் என்பேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். உயரமானவர், மெல்லிய குரல், பேசும்போது எதிராளியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். ஊரில் மதுவிலக்குக் காலத்தில் வளர்ந்து, படிக்க வந்த இடத்தில் குடிக்கப் பழகியவர். நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு "ஆனால்" போடுகிற பழக்கம் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

மாண்ட்ரியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நான் வாடகைக்கு இருந்தேன். ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு அக்கா என் கதவைத் தட்டினார். "ஸ்டேஷன் பக்கத்துல அந்த டாவெர்ன்ல இருக்காரு. என்னை உள்ளே விட மாட்டேங்கிறான். நீ போய்க் கூட்டிட்டு வா. அதட்டாதே."

அந்தக் காலத்தில் டாவெர்ன் என்கிற இந்த ஊர் பீர்க்கடைகளுக்குள் பெண்கள் போகக் கூடாது. சட்டமே அப்படி. அக்கா வெளியே பனியில் நின்றார், நான் உள்ளே போனேன். சார் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். தாள்களில் கிளாஸின் ஈர வட்டங்கள். என்னைப் பார்த்ததும், "அவ வெளியில நிக்கிறாளா? இந்தக் குளிர்லயா?" என்று உடனே எழுந்துவிட்டார். அதுவரை சரி. வாசற்படி தாண்டியதும் கால் நிற்கவில்லை, விழுந்தார். நகரத்திலிருந்து வந்த ரயில் அப்போதுதான் நின்றிருந்தது. இறங்கியவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவருடைய மாணவன் ஒருவன் "போன்ஸூர் புரொஃபெசர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதென்று தெரிந்து வேகமாக நடந்தான். அக்கா குனிந்து விடைத்தாள்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாகப் பனியைத் தட்டி, எண் வரிசையில் அடுக்கி, பையில் வைத்தார். பிறகுதான் கணவருக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் சார் சாமி படங்களுக்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இனிமேல் வெளியே ஒரு சொட்டு தொடுவதில்லை, கடையில் வாங்குவதில்லை. கேட்டு எனக்கே கண் கலங்கியது. அக்கா கலங்கவில்லை.

"நான் சத்தியம் கேக்கவே இல்லை. அவராத்தான் பண்ணினாரு, பாவம். பண்ணிட்டாரு இல்லையா, இப்போ அதை அவரு காப்பாத்தறதுக்கு நாமதான் ஏதாவது ஏற்பாடு பண்ணணும்."

ஏற்பாடு என்றால், வீட்டிலேயே பீர் காய்ச்சுவது. ஒரேயடியாக நிறுத்தினால் ஒளிந்து குடிப்பார், வீட்டிலேயே செய்து தினம் இரண்டு டம்ளர் அளந்து கொடுத்தால் ஒளிய வேண்டியதில்லை என்பது அக்காவின் கணக்கு. ஈஸ்ட் அவர் தொழில். மால்ட் பாகு டப்பாவில் கிடைத்தது. முதல் தடவை காய்ச்சியதே நன்றாக வந்தது என்று குடித்தவர்கள் சொன்னார்கள். பாட்டிலில் அடைத்து நிலவறையில் அடுக்கினார். மூன்றாவது வாரம் சில பாட்டில்களில் பாதி தண்ணீர் இருந்ததைச் சோதனைக்கூடத்துக் கருவி வைத்துக் கண்டுபிடித்தார். சாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் வந்தார்.

நான் அப்போது உணவகங்களுக்குக் குளிர்பான இயந்திரம் பொருத்தும் கம்பெனியில் இருந்தேன். சர்க்கரைப் பாகு வரும் எவர்சில்வர் டேங்குகள், இடுப்பு உயரத்துக்கும் கொஞ்சம் குறைவாக, பழசாகிவிட்டால் ஓரமாகக் கிடக்கும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அவற்றைத் தேடி வருவார்கள். டேங்கின் தலையில் இரண்டு கழுத்துகள். ஒன்றின் வழியாகக் காஸ் உள்ளே போகும், மற்றதின் வழியாகப் பானம் வெளியே வரும். கழுத்தில் கனெக்டரை மாட்டினால்தான் வழி திறக்கும், கழற்றினால் தானே மூடிக்கொள்ளும். இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் கனெக்டருக்குள் குட்டி எஃகு உருண்டைகள் இருந்து கழுத்தைக் கவ்விக்கொள்ளும். இன்னொரு வகையில் கழுத்தின் பக்கவாட்டில் சின்ன முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும், கனெக்டரை வைத்துத் திருகி மாட்ட வேண்டும். ஒன்றின் கனெக்டர் மற்றதில் சேராது. இரண்டிலும் ஒவ்வொரு டேங்கை எடுத்துப்போய் அக்காவின் சமையலறை மேசை மேல் வைத்தேன். ஒரு சாதாரண மதியம். இட்லி கொடுத்தார்.

"உருண்டை வகையையே எடுத்துக்குங்க" என்றேன். "சுலபமா மாட்டலாம், கழட்டலாம். எல்லா இடத்திலேயும் கிடைக்கும். சார் காலேஜ் கேன்டீன்லகூட இதுதான். புரோசார்டுல ஒயின் காய்ச்சறாரே நம்ம டாக்டர், அவர் வீட்டிலேயும் இதுதான்."

அக்கா இட்லித் தட்டை நகர்த்திவிட்டு இரண்டு கனெக்டர்களையும் கையில் எடுத்துப் பார்த்தார். முளை வகையில் காஸ் கழுத்துக்கு இரண்டு முளை, பானக் கழுத்துக்கு மூன்று. ஒன்றுக்கானதை இன்னொன்றில் மாட்டவே முடியாது. அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இதைச் செஞ்சவனுக்கு மனுஷங்களைத் தெரிஞ்சிருக்கு!"

"ஆனா இதுல ஒரு வசதி இல்லைக்கா." உருண்டை டேங்கின் மூடியில் இருந்த வளையத்தைக் காட்டினேன். "இதை இழுத்தா உள்ளே இருக்கற அழுத்தம் வெளியே போயிடும். பாதுகாப்பு. நான் கொண்டுவந்திருக்கற முளை டேங்குல அது கிடையாது."

"அழுத்தம் போனா?"

"போனா மூடியைத் திறக்கலாம். அழுத்தம் இருக்கறவரைக்கும் மூடி திறக்காது, உள்ளேயிருந்து அதுவே இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"அதாவது, இந்த வளையத்தை இழுத்துட்டு, மூடியைத் திறந்து, டம்ளரால மொண்டு குடிக்கலாம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா பீர் டேங்க் பார்க்கவில்லை, பூட்டு பார்த்துக்கொண்டிருந்தார். கேன்டீனில் கிடைக்கும், டாக்டர் வீட்டில் கிடைக்கும் என்று நான் சொன்ன சிபாரிசெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக எதிர்க் காரணமாகிக்கொண்டிருந்தது.

"முளை வகையில கனெக்டர் இல்லாம ஒண்ணுமே பண்ண முடியாதா?"

பொய் சொல்ல முடியவில்லை. "கழுத்துக்கு நடுவுல ஒரு சின்ன ஊசி இருக்கு பாருங்க. காஸ் கழுத்துல இருக்கற ஊசியை ஸ்க்ரூடிரைவர் முனையால அழுத்திப் பிடிச்சா காஸ் எல்லாம் சீறிக்கிட்டு வெளியே வந்துடும். அப்புறம் மூடி திறக்கும்."

"இது யாருக்குத் தெரியும்?"

"எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தெரியும்."

"சாருக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். நான் சரி என்றேன். இவ்வளவு சுலபமாக நான் வாழ்க்கையில் வேறெதற்கும் சரி சொன்னதில்லை.

இரண்டு வருஷம் அந்த ஏற்பாடு நடந்தது. நன்றாக நடந்தது என்றும் சொல்ல வேண்டும். ஐந்தரை மணிக்கு அக்கா வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்குவார். பையிலிருந்து கனெக்டரை எடுத்து, திருகி மாட்டி, இரண்டு எவர்சில்வர் டம்ளர் நிறைய நுரை ததும்பப் பிடிப்பார். கனெக்டரைக் கழற்றி, கழுவி, துடைத்து, கைக்குட்டையில் சுற்றி, திரும்பவும் பைக்குள். சாருக்குக் கை நடுக்கம் நின்றது. மூன்றாம் மாதம் முகத்தில் வீக்கம் வடிந்தது. அவர் எழுதிய கட்டுரை ஒன்று பெரிய பத்திரிகையில் வந்தது. ரயிலில் தினம் அந்த டாவெர்னைக் கடந்துதான் போய்வந்தார், ஒரு நாளும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அக்காவால்தான் மனிதர் பிழைத்தார் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். அது உண்மைதான், இன்றைக்கும் சொல்வேன்.

விருந்தாளிகள் வந்தால் சாரே கேலி செய்வார். "எங்க வீட்டு பீர் பதிவிரதை. வீட்டுக்காரம்மா கை பட்டாத்தான் வெளியே வரும்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் அப்போதும் யாருடைய சட்டைப் பொத்தானையாவது பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பொங்கலன்று அக்கா அடுப்படியில் வேலையாக இருந்தார். டாக்டர், "சார், போய் நீங்களே ரெண்டு டம்ளர் பிடிச்சுட்டு வாங்களேன்" என்று தெரியாமல் சொல்லிவிட்டார். சார் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். "அவ வரட்டும்" என்றார். ஐம்பது வயதை நெருங்குகிற பேராசிரியர், பத்துப் பேர் முன்னால். நான் உடனே கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

மாண்ட்ரியல் ஒலிம்பிக் போட்டிக்கு முந்தைய வருஷக் கோடையில் அக்காவின் தம்பிக்கு மெட்ராஸில் கல்யாணம். மகளை அழைத்துக்கொண்டு ஐந்து வாரம் போவதாக ஏற்பாடு. சாருக்கு அந்தக் கோடையில் வகுப்பு இருந்தது. நான்தான் டோர்வலுக்குக் காரில் கூட்டிப் போனேன். பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு நின்றோம். சார் மெதுவாக, "அதைக் குடுத்துட்டுப் போயேன்" என்றார். எதை என்று யாரும் கேட்கவில்லை.

"அஞ்சு வாரந்தானே" என்றார் அக்கா. "போன வாரம் ஊத்தினது. நான் வர்றப்போ நல்லா முதிர்ந்திருக்கும்."

"ஒரே ஒரு தரம் நம்பிப் பாரேன்."

அக்கா சிரித்து, அவர் காலரைச் சரிசெய்தார். "நம்பாம என்ன? நம்பித்தானே வீட்டையே விட்டுட்டுப் போறேன்."

கைப்பையோடு உள்ளே போனார். பைக்குள் கைக்குட்டையில் சுற்றிய கனெக்டரும் மெட்ராஸுக்குப் போனது. இதுவரைதான் நான் எல்லோரிடமும் சொல்லும் கதை. பீர் கனெக்டர் கடல் தாண்டிப் போய்க் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தது என்று முடிப்பேன். நன்றாக எடுபடும்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சார் எனக்கு ஃபோன் செய்தார். நலம் விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, "உன்கிட்ட அந்த முளை கனெக்டர் இன்னொண்ணு இருக்குமேப்பா?" என்றார்.

இருந்தது. என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. "அக்கா வரட்டும் சார்" என்றேன்.

"குடிக்கறதுக்கு இல்லை."

நான் சிரித்துவிட்டேன். பெரிய சிரிப்பு இல்லை. மூக்கால் ஒரு காற்று விடுவோமே, அவ்வளவுதான். ஆனால் ஃபோனில் அது நன்றாகவே கேட்டிருக்கும். 

"சரிப்பா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் பாத்துக்கறேன் என்று ஒருவர் சொன்னால் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று ஓர் எஞ்சினியர் யோசித்திருக்க வேண்டும். கழுத்தின் அடியில் இருக்கிற நட்டில் கை வைக்காதீர்கள், நடுவில் இருக்கிற ஊசியை அழுத்தி முதலில் காஸை விடுங்கள். இதைச் சொல்லப் பத்து விநாடி ஆகியிருக்காது. சொன்னால் அவருக்கு டேங்கைத் திறக்கத் தெரிந்துவிடும். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஃபோனை வைத்துவிட்டு, அக்காவின் நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார அம்மாள்தான் சாரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு சார் அந்த அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாராம், "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று சொன்னாராம். பைப் ரெஞ்சைப் போட்டுக் கழுத்தையே நட்டோடு கழற்றப் பார்த்திருக்கிறார். கடைசி மரை விட்டதும் உள்ளே இருந்த அழுத்தம் அதைத் தோட்டா மாதிரி மேலே அனுப்பியது. குனிந்திருந்த முகத்தின் இடது பக்கம் பட்டது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று மத்தியானம் கண் டாக்டர் சொன்னார்.

கட்டுப் போடாத வலது கண்ணால் சார் என்னைப் பார்த்தார். முதல் முறையாகச் சட்டைப் பொத்தானை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கொட்டிடலாம்னு பார்த்தேம்ப்பா" என்றார். "மூணு வாரமா ஒண்ணும் தொடலை. வேணும்னும் தோணலை. அவ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் வடிச்சுட்டு, டேங்கைக் கழுவிக் கவுத்து வெச்சிருக்கணும்னு நெனச்சேன். அவ பாக்கட்டும்னு."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்து அழுதேன். அவர் கண்ணுக்காகவா, நான் விட்ட அந்தச் சிரிப்புக்காகவா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

சாயங்காலம் அவர்கள் வீட்டைச் சுத்தம் செய்யப் போனேன். நிலவறையில் டேங்கை அதன் இடத்திலிருந்து இழுத்து, தண்ணீர் போகும் தரை ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். ரெஞ்ச் அங்கேயே கிடந்தது. கூரைப் பலகையில் குழி. சுவரெல்லாம் பீர் காய்ந்து, இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை. முழங்கால் போட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க, அவர் சொன்னது நிஜம் என்று எனக்கு உறுதியானது.

தந்தி கிடைத்து, மகளை மெட்ராஸில் விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் அக்கா வந்தார். காரில் ஆஸ்பத்திரி போகும்வரை கேள்விகள். எந்தக் கண், எந்த டாக்டர், என்ன மருந்து, எத்தனை மணிக்கு ஒருமுறை. எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அங்கே சார் அவரிடமும், கொட்டத்தான் பார்த்தேன் என்று அதையே சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம், ஆமாம், பேசாதீங்க" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பூட்ஸ் போடாத கோடைச் செருப்போடு நேராக நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன்.

"டேங்க் எங்கே இருந்தது?"

"இங்கேதான். ஓட்டைக்குப் பக்கத்துல."

"டம்ளர் இருந்துதா?"

"இல்லைக்கா."

"கிளாஸ், சொம்பு, எதுவும்?"

"எதுவுமே இல்லை. நான்தான் துடைச்சேன். நல்லாப் பார்த்தேன்."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குடிக்கறதுன்னா டம்ளர் வேணும்னு இல்லையே" என்றார். அதைச் சொல்ல அவர் விரும்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஃபோன் வந்ததைச் சொன்னேன். குடிக்கறதுக்கு இல்லை என்று அவர் சொன்னதையும், நான் சிரித்ததையும், ஊசியைப் பற்றி வாய் திறக்காததையும் சொன்னேன். என் தப்பு அக்கா என்றேன்.

"நான்தானே சொல்லாதேன்னு சொன்னேன்" என்றார் அக்கா.

படிக்கட்டில் உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது. தலை முடி விமானத்தில் கலைந்தது கலைந்தபடி இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"கொட்டத்தான் திறந்தாருன்னு நீ நம்பறியா?"

"நம்பறேன்க்கா."

"முழுசா?"

"முழுசா."

"எனக்கு வர மாட்டேங்குது" என்றார். "அங்கே அவரு சொல்றப்போ ஆமாம் ஆமாம்னு தலையாட்டினேன். உள்ளே ஒண்ணும் அசையலை. அது அவருக்கும் தெரிஞ்சுபோச்சு, உடனே கண்ணை மூடிக்கிட்டாரு. ஒரு கண்ணுதான் இருக்கு, அதையும் மூடிக்கிட்டாரு."  பிறகு கைப்பையைத் திறந்து, மருந்து நேரங்கள் எழுதிய அதே நோட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

"நீ எப்படி நம்பறே? எனக்கு நெஜமாவே தெரியலை, அதனாலதான் கேக்கறேன். சொல்லு தம்பி. முதல்ல என்ன பண்ணணும்?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.